ப்ளடி என்பது திட்டு இல்லை, அண்ணே!

ஞாயிற்றுக்கிழமை அந்த அரங்கேற்றக் காணொளிக்குக் கீழே நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இனி பார்க்க முடியாது, கமெண்டைத் தூக்கியாயிற்று. நான் எழுதியது இரண்டே சொல்: "ப்ளடி பிரில்லியன்ட்", அதாவது 'ரொம்பப் பிரமாதம்'. அதற்குப் பிள்ளையின் பெரியப்பா எழுதியது பதினாறு வரி. என் வளர்ப்பு சரியில்லையாம். எங்கம்மா வரைக்கும் போய்விட்டார்.

அண்ணே, அது திட்டு இல்லை. அழுத்தம். நாம் 'ரொம்ப' என்பதை இழுத்து 'ரொம்ம்ம்ப' என்கிறோமே, அதுதான்.

நாம் மட்டும் என்ன? கொட்டினால் 'பேய் மழை'. பிரியாணி 'பயங்கர' ருசி. நன்றாகப் பாடினால் 'கொன்னுட்டான்'. லீவுக்கு ஊருக்குப் போனால் ஆச்சி வரவேற்பதே "எடுபட்ட பயலே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றுதான். அதற்காக ஆச்சியை யாரும் ப்ளாக் செய்ததில்லை.

எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தில் லீட்ஸ் வந்த முதல் டிசம்பர், வார்டில் நைட் ஷிஃப்ட். தூக்கம் வராத ஒரு பாட்டிக்கு மூன்றாவது தடவையாக டீ போட்டுக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "யூ ப்ளடி ஏஞ்சல்" என்றார். எனக்குத் தெரிந்த ப்ளடி எல்லாம் பழைய படங்களில் கோட்டு போட்ட பணக்கார அப்பா வேலைக்காரனை விரட்டும் 'ப்ளடி ஃபூல்'தான். ஏஞ்சல் காதில் விழவே இல்லை. விடியும்வரை அந்தக் கட்டில் பக்கம் போகவில்லை. காலையில் சீனியர் நர்ஸிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

அழுத்தம் என்பதற்கு ஆதாரம் வேண்டுமா? 'நிச்சயமாக' என்று சொல்லும் 'ஆப்சலூட்லி'யைப் பிளந்து 'ஆப்சோ-ப்ளடி-லூட்லி' என்பார்கள். அழுத்தி உச்சரிக்கும் அசைக்குச் சரியாக முன்னால் போய் உட்காரும். எந்தத் திட்டு இப்படி இடம் பார்த்து உட்காரும்? பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காமே 2016இல் தரம் பிரித்தபோது இதை 'லேசான' வரிசையில்தான் வைத்தது.

உடனே ஒருவர் 2006ஐத் தோண்டிக்கொண்டு வருவார். ஆஸ்திரேலியா சுற்றுலா விளம்பரத்தில் "வேர் தி ப்ளடி ஹெல் ஆர் யூ?" (எங்கேதான் போய்த் தொலைந்தீர்கள்?) என்று கேட்டதற்குப் பிரிட்டன் டிவியிலேயே தடை போட்டார்களே என்று. போட்டார்கள். அப்புறம் எடுத்தும் விட்டார்களே, அதை ஏன் சொல்வதில்லை?

பிள்ளைகள் படிப்பார்களே என்கிறார்கள். அந்தப் பிள்ளை பிறந்து வளர்ந்ததே லண்டனில். அவளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் நம்மைத் திட்டிய சொல் என்றார் இன்னொருவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தத் துரை கூடவே 'ஃபூல்' என்றும்தானே சொன்னான்? அதைப் பதினாறு வரியில் மூன்று இடத்தில் எனக்குப் போட்டிருக்கிறீர்களே, அது மட்டும் தேவாரமா?

சரி, சொல்லை விடுங்கள். பதினொரு வருடப் பழக்கம் அண்ணே. மதுரை வந்தால் உங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஒரு போன் போட்டு "என்னடா இப்படி எழுதியிருக்கே?" என்று கேட்டிருக்கலாம். அதற்கு நானூறு பேர் பார்க்கும் இடமா கிடைத்தது?

அழிப்பதற்கு முன்னால் அந்தக் கமெண்டுக்குப் பிள்ளையே ஹார்ட் போட்டிருந்தாள். ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. அன்ப்ளாக் செய்தால் அனுப்பி வைக்கிறேன்.