விரலாட்டும் வைத்தியமும் எங்கள் அம்முச்சியும்

கண் அசைவு சிகிச்சை (EMDR) பற்றிப் போன வாரம் ஒரு வரி எழுதினேன்: உறுத்துகிற நினைவை மனதில் வைத்துக்கொண்டே, வைத்தியர் ஆட்டும் விரலைக் கண்ணால் பின்தொடர்வதுதான் அது. உடனே ஒருவர் கேட்டார்: "இதுவும் மந்திரிக்கிற மாதிரிதானுங்களே?" மந்திரிப்பதைக் கேலி செய்கிற இடத்தில் நான் இல்லைங்க. இரண்டையும் செய்து பார்த்தவன்.

2019-ல் கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், விடியக்காலம் நடந்த விபத்து. மாமா வண்டி ஓட்டினார், நான் பின்னால். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று "வெரசாப் போங்க மாமா" என்றது நான்தான். மாமா பிழைக்கவில்லை. எனக்குக் கை எலும்பு மட்டும். இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் லாரி ஏர்பிரேக் 'புஸ்' என்று விட்டால் போதும், டீசல் வாசம் உட்பட எல்லாம் அந்த நிமிஷமே மறுபடி நடக்கிற மாதிரி வரும்.

பயந்த கோளாறு என்று அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, கோயிலுக்குக் கூட்டிப் போனார். வேப்பிலையால் தடவி, முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். இரண்டு ராத்திரி நன்றாகவே தூங்கினேன். மூன்றாம் நாள் பழைய கதை.

அப்புறம்தான் கோவையில் ஒரு உளவியலாளரிடம் போனேன். விரலை ஆட்டுவார் என்று பார்த்தால், மூன்று தடவை ஆட்டவே இல்லை. வெறும் விசாரிப்பு, அப்புறம் மனசு கலங்கினால் திரும்பி வர ஓர் இடம் பழக்குவது. நான் எங்கள் தோட்டத்துத் தண்ணித் தொட்டியைச் சொன்னேன். இந்தச் சிகிச்சையில் எட்டுக் கட்டம் உண்டு, கண் வேலை நாலாவதில்தான் முழுசாகத் தொடங்கும்.

நாலாம் தடவை அந்தக் காட்சியை மனதில் வைக்கச் சொன்னார். வேதனை பத்துக்கு எத்தனை? ஒன்பது. என்னைப் பற்றி என்ன தோன்றுகிறது? "நாந்தான் கொன்னேன்." விரல் இடமும் வலமுமாகப் போனது. தறி வீட்டில் வளர்ந்தவனுக்கு அது நாடா ஓடுகிற மாதிரியே இருந்தது. இருபது முப்பது ஓட்டம், நிறுத்தம், "என்ன வருது?", "சரி, அதோடயே போங்க". என்ன வந்தது என்று முழுசாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் அழுதேன், அவர் துருவவில்லை.

எனக்கு இதுதான் பெரிய விஷயம். நம்ம பக்கம் வீட்டு விஷயத்தை வெளியே சொல்வதே பெரிய குற்றம். "கவுன்சிலிங் போய் என்னத்தப் பேசறது?" என்றே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். வாய் திறக்க முடியாதவர்களுக்கு இது தோதாக இருக்கும் என்பது என் கட்சி.

அமெரிக்காவில் பிரான்சின் ஷாப்பிரோ 1987-ல் நடந்து போகும்போது, கண் அங்குமிங்கும் ஓட, உறுத்திய நினைவின் வேகம் குறைவதைக் கவனித்ததில் தொடங்கியது இது. 2013-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. ஆனால் கண் அசைவுதான் குணப்படுத்துகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை. நினைவை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொரு வேலையும் செய்தால் மூளைக்கு இரண்டுக்கும் இடம் போதாது, அதனால் காட்சி மங்குகிறது என்பது ஒரு விளக்கம். மனக்கணக்குப் போட்டாலும் கொஞ்சம் மங்குகிறதாம். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை குறைவு. யூடியூபில் பந்து ஓடுகிற வீடியோவை வைத்துக்கொண்டு தனியாகச் செய்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். நடுவில் கலங்கினால் தொட்டியடிக்குக் கூட்டிவர யார் இருக்கிறார்கள்?

ஏழாவது தடவையில் ஒன்பது, இரண்டுக்கு வந்தது. பூஜ்யம் ஆகவில்லை. மாமா இல்லை என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது ஏர்பிரேக் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன், லாரிதான் தெரிகிறது.

ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு என்றதும் அம்முச்சி, "வெரல ஆட்டறதுக்கா?" என்றார். கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "உங்க அத்தைக்கும் கேட்டுப் பாரு கண்ணு. அவகிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு மட்டும் முன்னாலயே சொல்லிரு."