டார்த் வேடரின் கவசத்தில் எதற்குச் சாம்பல் நிறம்?

'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வில்லன் டார்த் வேடருடைய நகல் தலைக்கவசத்துக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை பாதி முடிந்த நிலையில் அதன் படத்தை நான் எப்போது பகிர்ந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "வேடர் கறுப்புதானே, எதற்குச் சாம்பல் பூசுகிறீர்கள்?" சிலர் அதோடு நிற்பதில்லை. "படத்தைப் பார்த்திருக்கிறீர்களா, இல்லையா?" என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். இனி ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதுவதாக இல்லை. எல்லாவற்றையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977இல் வெளிவந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வேடர் அணிந்த தலைக்கவசம் இரு நிறங்கள் கொண்டது. ஒன்று பளபளக்கும் கறுப்பு. மற்றொன்று கார்க்காரர்கள் கன்மெட்டல் என்று சொல்லும், உலோகத் துகள் கலந்த கருஞ்சாம்பல். முகமூடியின் தளங்களில் இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன. மேலே கவிழ்க்கும் குல்லாப் பகுதியிலும் அதே ஏற்பாடுதான். கவசத்தைக் கையில் வைத்துத் திருப்பினால்தான் வேறுபாடு பளிச்சென்று தெரியும். திரையில் அது தனி நிறமாகத் தெரிவதில்லை, வடிவமாகத் தெரிகிறது. கன்னத்து எலும்பு எங்கே முடிகிறது, மூக்கின் சரிவு எங்கே தொடங்குகிறது என்பதை நம் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுவது அந்தச் சாம்பல்தான். கறுப்பை மட்டும் பூசிப் பாருங்கள், தூரத்திலிருந்து முகமே இருக்காது. இரண்டு கண்ணாடி வில்லைகளும் ஒரு கறுப்புத் திட்டும்தான் மிஞ்சும்.

அந்த முகத்தை உருவாக்கியவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி முதலில் வரைந்தபோது, ஒரு விண்கலத்திலிருந்து இன்னொன்றுக்கு வெற்றிடத்தைக் கடந்து வருகிறவனுக்குச் சுவாசக் கருவி வேண்டுமே என்ற எண்ணத்தில்தான் முகமூடியைச் சேர்த்தார். உடையலங்காரம் ஜான் மோலோ, அந்தப் படத்துக்காகவே ஆஸ்கார் வாங்கியவர். களிமண்ணில் முகத்தைச் செதுக்கியவர் பிரிட்டனைச் சேர்ந்த சிற்பி பிரையன் மியூர். அதிலிருந்து அச்செடுத்து ஃபைபர் கிளாஸில் வார்த்தார்கள். கையால் செதுக்கியது என்பதால் இடது பக்கமும் வலது பக்கமும் ஒத்துப்போவதில்லை. நேராகப் பார்த்தால் ஒரு கன்னம் மற்றதற்கு இணையாக இல்லை. மனித முகமும் அப்படித்தானே? அசையாத ஒரு பிளாஸ்டிக் முகம் சில காட்சிகளில் கோபமாகவும் சில காட்சிகளில் யோசிப்பதுபோலவும் தோன்றுவதற்கு அந்தக் கோணலே காரணம் என்பது என் துணிபு. உள்ளே நின்று தலையைச் சாய்த்தும் நிமிர்த்தியும் நடித்த டேவிட் ப்ரௌஸுக்கும் அதில் பங்கு உண்டு. குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

என் வாதம் இதுதான். 'திரையில் உள்ளபடியே' பூசுவது என்றால் ஒளிக்குப் பூசுவது. டப்பா மேல் எழுதியிருக்கும் நிறத்தின் பெயருக்குப் பூசுவது ஆகாது.

வேடர் முதன்முதலில் திரைக்கு வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கவசம் அணிந்த சிப்பாய்கள், வெண்புகை. அதன் நடுவே கறுப்பு உருவம். அங்கே கவசத்தின் பளபளப்பு சுற்றியுள்ள வெண்மை முழுவதையும் வாங்கித் திருப்பி அனுப்புகிறது. குல்லாவின் வளைவில் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. அதே படத்தில் டெத் ஸ்டார் என்ற ராட்சத விண்தளத்தில் வரும் காட்சிகள் நேர் எதிர். அரங்கமே கருஞ்சாம்பல். ஒளிப்பதிவாளர் கில்பர்ட் டெய்லர் அந்த அரங்கத்தைப் பார்த்துவிட்டு, சுவர்களில் துளைகள் போட்டு உள்ளே குவார்ட்ஸ் விளக்குகளை வைத்தார். வெளியிலிருந்து விளக்கடித்தால் கறுப்புச் சுவரில் ஒளி காணாமல் போய்விடும், அதனால் சுவரையே விளக்காக்கிவிட்டார். இருட்டு அறையில் இருட்டு மனிதனைப் படம்பிடிக்க வேண்டிய நிலை அது. அப்படிப்பட்ட அரங்கத்தில் ஒரே கறுப்பாலான முகம் சுவரோடு கரைந்திருக்கும். இரு நிற முகம் கரையவில்லை. 1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில், ஆளைக் கார்பனில் உறையவைக்கும் அறைக் காட்சியில் ஆரஞ்சு ஒளியும் நீல ஒளியும் நீராவிக்குள் விழுகின்றன. கவசத்துக்கு அங்கே சொந்த நிறம் என்று ஒன்றே இல்லை. ஒரு பக்கம் ஆரஞ்சு, ஒரு பக்கம் நீலம், இடையில் ஒரு விளிம்பு. அவ்வளவுதான் வேடர். அதைப் பார்த்துத்தான் பலருக்கு அவர்மேல் பயமே வந்தது.

இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் கணினியில் ஒரு காட்சியை நிறுத்தி, கன்னத்தில் சொடுக்கி, அங்கே கிடைக்கும் நிற எண்ணை எடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போகிறார்கள். எந்தப் பதிப்பில் சொடுக்கினீர்கள்? 1997இல் மெருகேற்றி மீண்டும் திரையிட்டார்கள். 2004இல் டிவிடி, 2011இல் புளூரே, 2019இல் 4கே. ஒவ்வொன்றிலும் நிறத் திருத்தம் வேறு வேறு. 2004 டிவிடியில் கதாநாயகன் லூக் பயிற்சி எடுக்கும் காட்சியில் அவனுடைய நீல ஒளிவாள் பச்சையாகவே தெரிந்தது, ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். படத்தின் மிகப் புகழ்பெற்ற பொருளுக்கே அந்தக் கதி என்றால், கன்னத்துச் சாம்பலை அதிலிருந்து எடுத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

சரி, பூசும் வேலைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கும் நம் ஊர் ரசனைக்கும் பெரிய சண்டை.

நம்மில் பலர் கவசத்தை வாங்கியதும் கார் பட்டறைக்கு எடுத்துச் செல்கிறார்கள். பட்டறைக்காரர் தொழில் தெரிந்தவர். பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, கறுப்பை அடித்து, மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பளபளப்புப் பூச்சை ஏற்றி, ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசையைப் போட்டு மெருகேற்றித் தருகிறார். கல்யாண மண்டப வாசலில் பூச்சரம் கட்டி நிற்கும் புதுக் காரைப் போல் ஆகிவிடுகிறது வேடர் முகம். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது 1977 வேடர் இல்லை. அசலில் கறுப்புக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்ட எல்லை அவ்வளவு கூர்மை கிடையாது. பளபளப்பும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. படப்பிடிப்புக்காகச் செய்த பொருள் அது. கேமரா முன்னால் நிற்க வேண்டும், சண்டை போட வேண்டும், மறுநாளும் வர வேண்டும். ஷோரூம் மினுக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

முழுக் கவசத்தின் மேலும் ஒரே கிளியர் கோட்டை அடிக்கவே கூடாது என்பேன். உலோகத் துகள் கலந்த சாம்பல் தன் மேற்பரப்பில் ஒளியைச் சிதறடிக்கிறது. மெருகிட்ட கறுப்பு அதைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகிறது. இரண்டுக்கும் இடையே உள்ள முக்கியமான வேறுபாடு இதுதான். மேலே கிளியர் கோட் ஏற்றினால் சாம்பலும் கண்ணாடியாகிவிடும், நிறமும் ஒரு படி இருண்டுவிடும். அரைகுறை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். இரு நிறம் பூசிய உழைப்பு முழுவதும் வீண்.

எல்லைக் கோட்டுக்கு மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டாதீர்கள். டேப் எடுத்த இடத்தில் பெயின்ட் ஒரு சிறு வரப்பாக நிற்கும், விரல் வைத்தால் தட்டுப்படும். கெட்டி அட்டையை வளைவுக்கு ஏற்ப வெட்டி, பரப்பில் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அடித்தால் விளிம்பு மென்மையாக விழும். மூக்கின் அடிப்பகுதி போன்ற குறுகிய இடங்களுக்குத் தூரிகையே போதும். கன்மெட்டலைத் தூரத்திலிருந்து அடித்தால் துகள் காற்றிலேயே காய்ந்து மணல் போல் உட்காரும். மிக அருகில் அடித்தால் ஈரத்தில் துகள் மிதந்து திட்டுத் திட்டாகும். ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டில் அடித்துப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். வாயின் இருபுறமும் உள்ள சிறு முனைகள் அசலில் கடைந்தெடுத்த அலுமினியம். அதற்கு வெள்ளிப் பெயின்ட் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடைசல் பட்டறையில் சொன்னால் அலுமினியத்திலேயே கடைந்து கொடுத்துவிடுவார்கள்.

கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. புழுக்கமான நாளில் லேக்கர் (தின்னரில் கரைந்து சட்டென்று காயும் பெயின்ட்) அடிக்காதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். கறுப்பு காய்ந்து வெண்படலமாக நிற்கும். எனாமல் என்ற, மெதுவாகக் காயும் எண்ணெய்ப் பெயின்ட் மேல் லேக்கரும் வேண்டாம், தின்னர் கீழே உள்ளதை இளக்கிச் சுருங்க வைத்துவிடும்.

பளபளப்புக் கட்சிக்கு நேர் எதிரே இன்னொரு கட்சி இருக்கிறது. அவர்கள் கண்காட்சிக் கூண்டுக்குள் இருக்கும் அசல் கவசத்தின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கீறலையும் எண்ணுவார்கள். படப்பிடிப்பு முடிந்து பல ஆண்டுகள் பெட்டியிலும் பயணத்திலும் கிடந்த பொருள் அது. அதில் உள்ள கீறல் எது படத்துக்கு முன் வந்தது, எது பின் வந்தது என்று யார் சொல்வது? திரையில் அந்தக் காட்சியில் அந்தக் கீறல் தெரிந்தால் போடுங்கள், நானும் போடுவேன். தெரியாவிட்டால் நீங்கள் நகலெடுப்பது வேடரை இல்லை, ஒரு கிடங்கின் வரலாற்றை. அவர்களுடைய பொறுமையை நான் மதிக்கிறேன், அது வேறு.

கீறல்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதே படங்களில் பணத்துக்காக ஆள் பிடிக்கும் வேட்டைக்காரனான போபா ஃபெட்டின் கவசத்தை எடுங்கள். அங்கே கீறலே வடிவமைப்பு. வெள்ளியை அடியில் வைத்து, அதன்மேல் வேறு வண்ணங்களை ஏற்றி, பெயர்ந்து விழுந்ததுபோல் இடையிடையே அடியடுக்கைக் காட்டியிருக்கிறார்கள். தற்செயலாக நேர்ந்த சேதம்போல் தோன்றினாலும் ஒவ்வொரு திட்டும் யாரோ கையால் வைத்தது. 1980 படத்தில் கன்னப் பகுதி அடர்ந்த அரக்குச் சிவப்பு. 1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தில் அது இன்னும் பளிச்சிடும் சிவப்பு. இந்த இரண்டையும் கலந்து பூசியவரிடம் ஃபெட் ரசிகர்கள் பேசுவதே இல்லை. அவர்கள் பலர் கொண்டாடும் ஃப்ளோக்வில் என்ற பெயின்ட் மாதிரி ரயில் செய்பவர்களுக்காக வந்தது. 2013இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய புட்டி யாரிடமாவது இருந்தால் இப்போது அதை நகைபோல் பூட்டி வைக்கிறார்கள்.

வெள்ளைக் கவசம் அணிந்த அந்தச் சிப்பாய்கள் விஷயத்திலும் இதே கதைதான். 1977 படத்துக்காக அந்தக் கவசங்களை, வெப்பத்தில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் உறிஞ்சி இழுத்துச் செய்தார்கள். கன்னத்தில் வரும் நீலக் கோடுகளைக் கையால் வரைந்தார்கள். ஒவ்வொரு கோடும் கொஞ்சம் நடுங்கும், கொஞ்சம் சாயும். இன்று அதற்கு அச்சிட்ட ஸ்டிக்கர் கிடைக்கிறது, எல்லாக் கோடும் ஒரே தடிமன். ஒட்டியவுடன் கவசம் பொம்மைக் கடைக்குத் திரும்பிவிடுகிறது. ஹம்ப்ரால் நிறுவனத்தின் நீலப் பெயின்ட் 14ஆம் எண் டப்பாவும் ஒரு மெல்லிய தூரிகையும் இருந்தால் போதும். கை நடுங்கினால் இன்னும் நல்லது. ஒரு கொசுறுச் செய்தி. இதே சிப்பாய்க் கவசம் சிற்பமா, இல்லையா என்று பிரிட்டனில் வழக்கு நடந்தது. 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது சிற்பம் ஆகாது, படம் எடுக்கப் பயன்பட்ட பொருள் என்று தீர்ப்பளித்தது. சட்டம் எப்படியோ போகட்டும், பயன்பட்ட பொருள் என்ற வரையறை எனக்குப் பிடித்திருக்கிறது. பெயின்ட் அடிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மறுபடியும் வேடர். பூசத் தொடங்குமுன் எந்தப் படத்து வேடர் என்று முடிவு செய்யுங்கள். 2016இல் வந்த 'ரோக் ஒன்' 1977 தோற்றத்துக்கே திரும்பியது, கண் வில்லைகளில் சிவப்புச் சாயலும் தெரியும். 2005இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்' முற்றிலும் வேறு. அதில் கணினியின் உதவியோடு கவசத்தின் இரு பக்கங்களையும் ஒன்றுபோல் ஆக்கிவிட்டார்கள், நிறமும் ஒரே பளபளக்கும் கறுப்பு. கதைப்படி அது அப்போதுதான் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் புத்தம் புதுக் கவசம். எனக்கு அந்த முகம் பிடிக்காது. கோணல் போனதும் கோபமும் போய்விட்டது. ஆனால் பிடித்தது, பிடிக்காதது வேறு. அந்தப் படத்துக்கு அதுவே சரி.

ஆகவே 2005 வேடர் வேண்டும் என்பவர்கள் தாராளமாகக் கார் பட்டறைக்குப் போகலாம். அங்கே கிடைப்பதைவிடப் பொருத்தமான மெருகு வேறெங்கும் கிடைக்காது. 1977 வேடர் வேண்டும் என்பவர்களும் பிரைமர் வரைக்கும் பட்டறையில் கொடுக்கலாம். அதற்கு மேல் பட்டறைக்காரர் காம்பவுண்ட் டப்பாவைத் திறப்பதற்குள் கவசத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கன்மெட்டல் கலவையின் அளவு கேட்டவர்கள் கீழே கருத்துப் பகுதியில் ஒரு புள்ளி வையுங்கள், கண் வில்லைகளைப் பற்றி எழுதும்போது அதையும் சேர்த்துப் போடுகிறேன்.