கொல்வதால் ரேபிஸ் ஒழியாது

"தெருநாய்களைக் கொன்றாலே ரேபிஸ் போய்விடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, ஆபத்தானதும்கூட. இந்தோனேசியாவின் ஃபுளோரெஸ் தீவில் 1997-இல் நோய் நுழைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி நாய்களைக் கொன்றார்கள், நோய் போகவில்லை. பாலியில் 2008-இல் பரவியபோதும் அதே தவறு. தடுப்பூசி போட்ட நாய்களும் சேர்ந்து செத்தன, அவற்றின் இடத்தை ஊசி போடாத குட்டிகள் பிடித்தன. 2010-இல் தீவு முழுக்க நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கிய பிறகுதான் மனிதச் சாவுகள் நன்றாகக் குறைந்தன. 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டு, அதை ஆண்டுதோறும் விடாமல் செய்தால் பரவல் அறுந்துபோகும். கடிபட்டவர் தயவுசெய்து நாயைத் தேடி அலையாதீர்கள். காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள்.