பக்கத்தில் இருந்தால் பழகியதாகிவிடுமா?

அந்தச் சாப்பாட்டுப் பார்சல் கதையை நான் திரும்ப முதலில் இருந்து சொல்லப்போவதில்லை. சனிக்கிழமை தொடக்கம் எல்லாருடைய பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது, வீடியோவும் பார்த்திருப்பீர்கள். 'பல்பண்பாட்டுத் திறன்' என்று பேனர் கட்டி வொர்க்‌ஷொப் நடந்த மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு வருகிறது. மட்டக்களப்புக்குப் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இருந்து வந்திருந்த ஒரு பிள்ளை, "இது ஹலாலா?" என்று கேட்கிறது. ஓம் என்றோ, இல்லை என்றோ, பொறுங்க கேட்டுச் சொல்றன் என்றோ யாராவது சொல்லியிருந்தால் இன்றைக்கு எனக்கு இதை எழுதும் வேலை இல்லை. எங்கள் தமிழ் ஆள் ஒராளிடம் இருந்து வந்த பதில், "உங்கட ஆக்களுக்கு எங்க போனாலும் ஒரு பிரச்சினை."

சரி, ஒராள் பசியில் வாய் தடுக்கிச் சொல்லிவிட்டார் என்று அதை விடலாம். விட முடியாமல் இருப்பது கீழே வந்து விழுந்த கமெண்டுகள். "மட்டக்களப்பில எங்களுக்குள்ள பாகுபாடே இல்ல." "காலங்காலமா ஒண்டாத்தானே வாழுறம்." "எனக்கு எத்தனை முஸ்லிம் ஃப்ரெண்ட்ஸ் தெரியுமா?" எழுதியவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர். எல்லாரிடமும் எனக்குக் கேட்க இருப்பது ஒன்றுதான். பக்கத்தில் இருந்தால் பழகியதாகிவிடுமா?

பக்கத்தில் இருக்கிறோம், அதை யார் மறுத்தார்? 2012 கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தில் நாலு பேருக்கு ஒருவர் முஸ்லிம். கல்முனைக்குப் பஸ் ஏறினால் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், திரும்பத் தமிழ் ஊர் என்று மாறி மாறி வரும். காத்தான்குடி முடிகிற இடத்தில் ஆரையம்பதி தொடங்குகிறது. ஆனால் அந்த பஸ்ஸில் இருந்து எங்கள் ஆட்கள் பார்ப்பது நடுவீதியில் நிற்கும் பேரீச்சை மரங்களை மட்டும்தான். "பாத்தீங்களா, அரபு நாடாக்கிட்டாங்க." அந்த மரத்துக்குப் பின்னால் இருக்கிற வீடு யார் பெயரில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கேயும் வீடு மகளுக்குத்தான். கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போவார். எங்களிடம் கோயில் திருவிழாவைக் குடி குடியாக, அதாவது தாய்வழி வம்சம் வம்சமாகப் பங்கு போடுகிற மாதிரி, அங்கே பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காயர்மாரும் குடி வழியாக வந்தவர்கள். தாய்வழிக் குடி என்று நாங்கள் பெருமை பேசுகிற அதே வழக்கம், மதில் ஒன்றுக்கு அந்தப் பக்கம். இது தெரியாமல் ஒரு ஆயுள் முழுக்க இங்கே வாழ்ந்துவிட்டுப் போகலாம். போயிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டையே சொல்கிறேன், வேறு யாரையும் இழுத்தால் சண்டைக்கு வருவீர்கள். அப்பாவுக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல். பக்கத்து வயல்காரர் ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். தண்ணி திறந்துவிடுவது, சூடடிப்பு, மெஷின் பிடிப்பது எல்லாம் இரண்டு பேரும் பேசித்தான் செய்வார்கள். அவர் வீட்டுக்கு வந்தால் அம்மா ஓடிப்போய்த் தேத்தண்ணி ஊற்றுவா. குசினி யன்னல் தட்டில் பச்சை இலைப் படம் போட்ட கிளாஸ் ஒன்று கவிழ்த்து இருக்கும். விளிம்பில் சின்னதாக உடைந்தது. காக்காவுக்கு அதில்தான் ஊற்ற வேண்டும். அவர் போனதும் அது கிணற்றடியில் தனியாகக் கழுவப்பட்டுத் திரும்ப யன்னல் தட்டுக்கே போகும். அலுமாரிக்குள் போகாது. உடுப்பு வெளுக்க வருகிறவருக்கும் அதே கிளாஸ்தான். ஆகவே இது முஸ்லிம், தமிழர் என்ற கதை மட்டும் என்று நினைத்து யாரும் சந்தோசப்பட வேண்டாம்.

அம்மாவிடம் இன்றைக்குக் கேட்டாலும், "எங்கட வீட்டில பாகுபாடே பாத்ததில்ல மனே, காக்கா வந்தா தேத்தண்ணி குடுக்காம அனுப்பினதே இல்ல" என்றுதான் சொல்வா. பொய் இல்லை. மனசாரத்தான் சொல்கிறா. எனக்குப் பயமாக இருப்பதே அந்த மனசாரத்தான். என்னிடம் என்ன கிளாஸ் எந்தத் தட்டில் கவிழ்ந்து கிடக்கிறதோ, அதை அடுத்தவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் கண்ணுக்கு எங்கள் கிளாஸ் தெரியாது.

அந்த வொர்க்‌ஷொப்பில் கொடுத்த தாளிலேயே இது இருந்தது, அதுதான் பெரிய பகிடி. மில்டன் பென்னட் என்ற அமெரிக்கர் 1986இல், ஒராள் அடுத்த பண்பாட்டை எப்படிப் பார்க்கிறார் என்பதை ஆறு படிகளாக எழுதினார். முதல் படியில் வேற்றுமையே கண்ணில் படாது. இரண்டாவதில் 'நாங்கள் நல்லவர்கள், அவர்கள் கூடாதவர்கள்.' மூன்றாவது, 'எல்லாரும் மனிசர்தானே, என்ன வித்தியாசம்.' இந்த மூன்றாவதைக் கேட்டதும் மண்டபத்தில் எல்லாரும் தலையாட்டினார்களாம், அதுதான் உச்சிப்படி என்று. அந்த மனிதர் அதையும் தன் பண்பாட்டையே அளவுகோலாக வைத்திருக்கிற பக்கத்தில்தான் போட்டிருக்கிறார். காரணம் லேசானது. எல்லாரும் ஒன்று என்கிறவருக்கு அந்த 'ஒன்று' எப்போதும் தன்னைப் போலவே இருக்கும். அந்தப் பிள்ளையும் எங்களைப் போலக் கேட்காமல் சாப்பிட்டிருந்தால் எல்லாரும் மனிசர்தான். வாயைத் திறந்து கேட்டதும் 'உங்கட ஆக்கள்' ஆகிவிட்டது.

கோர்டன் ஓல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஆட்களைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெறுப்புக் குறையாது. சமமான நிலை வேண்டும், பொது நோக்கம் வேண்டும், சேர்ந்து செய்கிற வேலை வேண்டும், மேலிடத்து ஆதரவும் வேண்டும். சந்தையில் மீன் வாங்குவது இதில் எதற்குள் வரும்? பெருநாளுக்கு வட்டிலப்பம் வாங்கித் தின்றுவிட்டு நல்லிணக்கம் என்று ஃபோட்டோ போடுவது எதற்குள் வரும்? வட்டிலப்பம் நல்ல சாமான், நானும் தின்பேன். ஆனால் பக்கத்தில் இருப்பது பழகுவது ஆகாது.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு.

"அவங்க மட்டும் திறமோ?" இல்லை. அவர்கள் வீட்டுக் கிளாஸைப் பற்றி அவர்கள் எழுதட்டும், நான் ஷேர் பண்ணுகிறேன். "அவங்க தமிழ் பேசிக்கொண்டு தமிழர் இல்லை எண்டுறாங்க." இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு நேரம் இல்லை. தாங்கள் யார் என்று அவர்கள் சொல்வதற்கு உங்கள் கையெழுத்து தேவையா? "என்.ஜி.ஓ. காசு." அடே, அந்த மண்டபத்துக்குள் நான் போகவே இல்லை. எனக்கு ஒரு பார்சல்கூடக் கிடைக்கவில்லை.

மற்றது, "1990 மறந்திட்டியா?"

இதை என்னிடம் கேட்டது என் சொந்த மச்சாள். தமிழ் ஊரான வீரமுனையில் அந்த ஆகஸ்ட் மாதம் நடந்த படுகொலையில் என் பெரியப்பா போனார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பிறந்திருக்கவும் இல்லை. பெரியம்மா அதற்குப் பிறகு எப்படி இருந்தா என்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதே ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள், நூற்றுக்கு மேல். ஒரு கிழமை கழிய ஏறாவூரில் முஸ்லிம்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர். ஒன்றைச் சொல்லும்போது மற்றதை முழுங்குகிறவர்கள் மறதியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நான் ஒன்றும் மறக்கவில்லை. மறக்காமல் இருப்பதற்கும், இருபது வயதும் வராத ஒரு பிள்ளையிடம் சோற்றுப் பார்சலை வைத்துக் கணக்குத் தீர்ப்பதற்கும் என்ன சம்பந்தம்?

சாப்பாடு என்றதும் இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் ஊரில் இருந்து தயிர்ச் சட்டி கொண்டுபோய்க் கொடுத்தால், "ஏதும் போட்டிருக்கிறீரோ? பாயோட ஒட்டிப்போடுவியளாம்" என்று அறைத் தோழிகள் சிரிப்பார்கள். மட்டக்களப்பார் என்றால் மந்திரம், வசியம். பகிடிதான், நானும் சிரித்தேன். அவர்களும் பாகுபாடு இல்லாதவர்கள்தான், நான் கொடுத்த தயிரை வழித்துத் தின்றார்கள். அந்தச் சிரிப்பு எங்கே போய் முடியும் என்று அம்பாறையில் பார்த்தோம். 2018 பெப்ரவரி கடைசியில், ஒரு முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்று கதை கட்டி, கடையை அடித்து, பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அரச பகுப்பாய்வாளர் பார்த்துச் சொன்னது, அது மாக்கட்டி. மாக்கட்டி! அந்தக் கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாத்திரைக் கதை வந்த வேகம் நினைவிருக்கிறது. மாக்கட்டிச் செய்தியை நான் போட்டேன். ஒருவரும் ஒரு லைக்கும் போடவில்லை.

அம்பாறைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) சிங்களத்தில் மட்டும் ஒரு படிவத்தை நீட்டி, "சிங்களம் தெரியாதா?" என்று கேட்கும்போது முகம் சுருங்குகிறதே, அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தமிழும் அரசகரும மொழி என்று சட்டம் எங்கள் பக்கம் இருந்தும் கூனிக் குறுகிப் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வீட்டுக்கு வந்து இரவு முழுக்கத் திட்டியிருக்கிறோம். அதே குரலை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வாயால் கேட்டபோது மட்டும் காது அடைத்துவிட்டது.

திறன் என்கிறார்களே, பெரிய பயிற்சி ஒன்றும் வேண்டாம் அதற்கு. ஒராள் கேட்டால் எரிச்சல் படாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விசாரிக்கத் தெரிய வேண்டும். சமைத்த இடத்துக்கு ஒரு கோல் எடுத்திருந்தால் ஒரு நிமிசத்தில் முடிந்திருக்கும். சமைத்தது எந்த இடம் என்று இத்தனை கமெண்டுக்குள் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

மறுகா, மச்சாளுக்கும் அவளுக்கு லைக் போட்ட ஆட்களுக்கும்: என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை, பழகிப்போச்சு. பெரியப்பாவின் பெயரைக் கீழே இழுக்கிற ஆளை, சொந்தம் பந்தம் பார்க்காமல் பிளாக் பண்ணுவேன். பெரியம்மா இன்னும் உயிரோடுதான் இருக்கிறா, பேரப்பிள்ளைகள் ஃபோனில் இதையெல்லாம் வாசித்துக் காட்டுகிறார்கள்.