ஆள் அசையவில்லை, படம்தான் நகர்கிறது

ஜப்பானிய அனிமே தொடரான ஒன் பஞ்ச் மேனின் மூன்றாவது சீசனைப் பற்றி இத்தனை நாள் ஒரு வரிகூட எழுதவில்லை. கோபத்தில் எதையாவது எழுதிவிட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது என்றுதான். இப்போது பன்னிரண்டு எபிசோடும் முடிந்து மனசும் கொஞ்சம் ஆறிவிட்டது.

2025 அக்டோபர் 12இல் தொடங்கியது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது, திருப்பூர் முழுக்க போனஸ் பேச்சு. அந்த வாரமே என் சித்தி மகன் பெருமாநல்லூரில் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு என் ரூமுக்கு வந்துவிட்டான். 2019இல் இரண்டாவது சீசன் வந்தபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்தவன், இன்று ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு வாரமும் சேர்ந்தே பார்ப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

வில்லன் காரோ சரிவில் சறுக்கி இறங்கும் அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுக்க வெட்டி ஒட்டிப் பரப்பினார்கள். கால் வளையவில்லை, உடம்பு சாயவில்லை. ஆள் அசையவில்லை, ஒரே படத்தைக் கீழே தள்ளிக்கொண்டு போகிறார்கள். தம்பி போனை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "இதுக்காங்ணா ஆறு வருசம் காத்துட்டிருந்தோம்?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

குறை குறைதான், நான் மூடி மறைக்கப் போவதில்லை. இதே கதைக்கு யூசுகே முராட்டா வரைந்த மாங்கா (காமிக்ஸ்) பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு வலி இன்னும் அதிகம். சில அத்தியாயங்களில் பக்கத்தை வேகமாகப் புரட்டினாலே படம் ஓடுவது போல வரைந்து வைத்திருக்கும் மனிதர் அவர். தாளிலேயே ஓடியது திரையில் வந்து நின்றுபோனால் எப்படித் தாங்குவது?

மெதுவாகப் போகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. மெதுவாகப் போவது குற்றமே இல்லை. 2015இல் வந்த முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ஒரே குத்தில் யாரையும் சாய்க்கும் நாயகன் சைதாமாவும் அவர் சீடன் ஜெனோஸும் ஆளில்லாத இடத்தில் பயிற்சிச் சண்டை போடுகிறார்கள். ஜெனோஸ் கண்மண் தெரியாத வேகத்தில் தாக்குகிறான். கடைசியில் சைதாமாவின் குத்து அவன் முகத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. அங்கே எல்லாமே உறைந்து போகிறது. சாவை அவன் நேரில் பார்த்துவிட்டான் என்பது நமக்கும் உறைக்கும் அளவுக்கு அந்த இடத்தை இழுக்கிறார்கள். அப்புறம் பசிக்கிறது, ஊடோன் நூடுல்ஸ் சாப்பிடப் போகலாம் என்கிறார் சைதாமா. ஜெனோஸ் திரும்பிப் பார்த்தால் பின்னால் இருந்த மலையையே காணோம். முன்னால் அவ்வளவு வேகம் இருந்ததால்தான் அந்த நிதானம் அப்படிப் பிடிக்கிறது. மூன்றாவது சீசனில் பேச்சும் நிற்கிறது, சண்டையும் நிற்கிறது. ஓட வேண்டிய இடத்திலும் ஓடாவிட்டால், நிற்கும் இடத்துக்கு என்ன மதிப்பு?

சரி, இது ஏன் இப்படி ஆனது? "பணத்தை மிச்சம் பண்ணிட்டாங்க, சோம்பேறிங்க, வரையத் தெரியாதவங்க" என்று தமிழிலும் எத்தனையோ பதிவுகள் பார்த்தேன். அங்கேதான் எனக்கு 2025 ஆகஸ்ட் மாதம் ஞாபகம் வந்தது.

இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறும் நாள் ஆகஸ்ட் 27. அதற்கு முன்னால் சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறியாக வேண்டும். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் பத்து நாள், ராத்திரி பகல் தெரியாமல் லைன் ஓடியது. செக்கிங் டேபிளில் பீஸைப் புரட்டினால் கழுத்து ரிப் வைத்த இடத்தில் தையல் விட்டு விட்டுப் போயிருந்தது. சுண்டு விரல் நகம் உள்ளே போகும் அளவு ஓட்டை. அதை அடித்தவர் பதினெட்டு வருடமாக மிஷினில் உட்காரும் டெய்லர். அவர் தையலைக் காட்டித்தான் புதுப் பையன்களுக்கு வேலை சொல்லிக் கொடுப்பார்கள். அவரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து சூப்பர்வைசர் திட்டித் தீர்த்தார். பக்கத்தில் இருந்த செக்கிங் அக்கா கையில் இருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், "ஏனுங்க, ரெண்டு நாளா தூங்காத மனுசனை நிறுத்தி வெச்சு வஞ்சா, தையல் வந்துருமுங்ளா?"

அனிமே வேலையும் கிட்டத்தட்ட நம் ஊர் வேலைதான். ஒரு நொடிக்கு 24 பிரேம். அத்தனையும் தனித்தனியாக வரைவதில்லை. சாதாரணமாக நொடிக்கு எட்டோ பன்னிரண்டோ படம். அப்படியும் ஒரு எபிசோடுக்கு ஆயிரக்கணக்கில் வந்துவிடும். முக்கியமான அசைவுகளை அனுபவசாலிகள் வரைவார்கள். இடையில் வரும் படங்களை இளம் ஓவியர்கள் போடுவார்கள், பெரும்பாலும் பீஸ் ரேட்தான். ஒரு படத்துக்கு 200 யென் அளவில் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். நேரம் போதாதபோது கொரியாவுக்கும் சீனாவுக்கும் ஜாப் ஒர்க் போகும். எபிசோட் முடிவில் ஓடும் பெயர்களை நிறுத்திப் படித்தால் தெரியும். பதிப்பகம், டிவி, இசை கம்பெனி என்று பலர் சேர்ந்த தயாரிப்புக் கமிட்டிதான் பணம் போடுகிறது. ஒளிபரப்பு நேரம் முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிடுகிறது. வரைபவர் கையில் அந்தத் தேதி இல்லை.

மேட்ஹவுஸ் ஸ்டூடியோ செய்த முதல் சீசன் அப்படி ஜொலித்ததற்கும் பெரிய பட்ஜெட் காரணமில்லை. இயக்குநர் ஷிங்கோ நட்சுமே தனக்குத் தெரிந்த நல்ல நல்ல ஓவியர்களை வெளியில் இருந்து கூப்பிட்டுக் கூட்டம் சேர்த்தார். இரண்டாவது சீசனில் இருந்து ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டூடியோ செய்கிறது. அங்கே அந்தக் கூட்டமும் இல்லை, ஒரே நேரத்தில் பல தொடர்கள் ஓடுகின்றன. இது எதுவும் தெரியாமல் மூன்றாவது சீசன் இயக்குநரைத் தனிப்பட்ட முறையில் வசைபாடி, அந்த மனிதர் எக்ஸ் தளத்தை விட்டே போகும்படி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அந்தச் சறுக்கல் காட்சியை விட இதுதான் அசிங்கமாக இருந்தது.

நேரம் கேட்டால் கிடைக்காது என்றும் இல்லை. ஒன் பீஸ் என்ற அனிமே தொடர் 1999இல் இருந்து வாராவாரம் ஓடியது. மாங்காவை முந்திவிடக் கூடாது என்பதற்காக இழுத்து இழுத்து, ஒரு பார்வைக்கு அரை நிமிடம் காட்டி, நம் பொறுமையை எல்லாம் சோதித்தது. அதைச் செய்யும் டோயி ஸ்டூடியோ இப்போது அந்த வழக்கத்தையே விட்டுவிட்டது. 2026இல் இருந்து வருடத்துக்கு அதிகபட்சம் 26 எபிசோட் மட்டும். கால் நூற்றாண்டு ஓடிய வண்டியையே நிறுத்தி நிதானமாக ஓட்ட முடிகிறது என்றால், ஆறு வருடம் இடைவெளி விட்ட தொடருக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்திருக்க முடியாதா? என் கோபம் எல்லாம் தேதியைக் குறித்தவர்கள் மேல்தான்.

நம் குரல் அங்கே கேட்கவும் கேட்கும். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் என்ற அனிமே படம் தமிழ் டப்பிங்கோடு வந்தபோது கோயம்புத்தூரில் டிக்கெட் கிடைக்காமல் நானும் தம்பியும் திரும்பி வந்தோம். காசு கொடுத்துப் பார்க்கும் கூட்டம் நாம். தேதியைத் தள்ளிப் போடுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம் என்று அந்தக் கமிட்டிக்கு எழுதுவோம். சைதாமாவும் காரோவும் மோதும் அந்தப் பெரிய சண்டை இன்னும் அனிமேவில் வரவே இல்லை. முராட்டா வரைந்ததிலேயே உச்சம் அது.

அந்த இயக்குநரைத் திட்டி எழுதியவர்களில் யாராவது இதைப் படித்தால், அதை அழித்துவிடுங்கள். என் தம்பியும் ஒன்று எழுதியிருந்தான். செக்கிங் அக்கா கேட்டதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் போனை எடுத்து அழித்துவிட்டான்.