ஹிட்லரும் மாந்திரீகமும்: ஒரு திருத்தம்

ஹிட்லர் மாந்திரீகத்திலும் சோதிடத்திலும் மூழ்கியிருந்தார் என்றும், 1981இல் வெளிவந்த 'ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' திரைப்படம் அந்த உண்மையைத்தான் காட்டுகிறது என்றும் நண்பர் எழுதியிருப்பது சரியன்று. அத்தகைய மர்மங்களில் ஈடுபாடு கொண்டிருந்தவர் நாத்சிகளின் எஸ்.எஸ். காவற்படைக்குத் தலைவராக இருந்த ஹைன்ரிக் ஹிம்லர். 1935இல் ஜெர்மானிய முன்னோர் மரபை ஆராயும் அனனெர்பே என்ற அமைப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவரும், வேவல்ஸ்பெர்க் கோட்டையை எஸ்.எஸ். படையின் மையமாக்க முனைந்தவரும் அவரே. அவருடைய பித்தைத் தலைவர்மேல் ஏற்றுவது சாகசப் படத்துக்கு வசதியாக இருக்கலாம். ஹிட்லரோ, 1938 செப்டம்பரில் நியூரம்பெர்க் மாநாட்டில் பேசியபோது, தேசிய சோசலிசம் (நாத்சிக் கொள்கை) வழிபாட்டு இயக்கம் அன்று என்று வெளிப்படையாகக் கூறி, மறைஞான நாட்டமுள்ளோர் கட்சிக்குள் ஊடுருவுவதைக் கண்டித்தார். 1941 மே மாதம் கட்சியில் ஹிட்லரின் துணைத்தலைவரான ருடால்ஃப் ஹெஸ் தனியாக விமானமோட்டி எதிரி நாடான பிரிட்டனின் ஸ்காட்லாந்துக்குச் சென்றார்; அதற்குச் சோதிடர்களின் தூண்டுதலே காரணம் என்று பழி சுமத்தப்பட்டு, ஜூனில் சோதிடர்கள் பலர் கைது செய்யப்பட்டனர்.

அதற்காக ஹிட்லரை நாத்திகர் என்பதும் பொருந்தாது. கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்ற அவர், தனிப்பேச்சில் கிறித்தவத்தை இகழ்ந்தாலும், திருச்சபையிலிருந்து முறைப்படி விலகவே இல்லை; 1933 ஜூலையில் அவருடைய அரசு வத்திக்கானுடன் உடன்படிக்கையும் செய்துகொண்டது. 1944 ஜூலை 20 அன்று குண்டுவெடிப்பில் உயிர் தப்பியபின் வானொலியில் பேசியபோதும், தன்னைக் காத்தது இறைச்சித்தமே என்றார்.