உருளை நல்லது, குளிசையை விடவேண்டாம்

அண்ணை, கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிய முள்ளு உருளையை உள்ளங்கையில் பத்து நிமிசம் உருட்டினால் சீனி வருத்தம் (நீரிழிவு) இறங்கும், அம்மா சீனிக் குளிசையை விட்டு இரண்டு கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் பயந்துபோனேன். தயவுசெய்து குளிசையைத் திரும்பத் தொடங்குங்கள்.

உருளையில் எனக்கு மறுப்பில்லை. கச்சான் பிடுங்கிய நாளில் எனக்கு விரலே மடங்காது. இரவு இளஞ்சூட்டுத் தண்ணியில் கையை வைத்து எடுத்து, பெருவிரலின் அடிச்சதையில் மெதுவாக உருட்டுவேன். இறுகிய தசை இளகும், மூச்சு நிதானமாகும், நித்திரையும் நல்லா வரும். ஆனால் உள்ளங்கையில் அழுத்துவதால் கணையம், சீனியைக் குறைக்கும் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சீனி வருத்தம் கனகாலம் இருந்தால் கையிலும் காலிலும் உணர்ச்சி குறையும். முள்ளு குத்திக் காயம் வந்தாலும் தெரியாது, ஆறவும் நாள் எடுக்கும். ஆகவே அம்மாவுக்கு முள்ளில்லாத மர உருளைதான் சரி. அப்புறம், எங்கள் பக்கத்தில் 2009 போருக்குப் பிறகு உடம்பில் செல் (எறிகணை) துண்டோடு வாழ்கிறவர்கள் கனபேர். துண்டு இருக்கும் இடத்தில் அழுத்தவே வேண்டாம். கர்ப்பிணிகள் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட புள்ளியைத் தவிர்க்க வேண்டும் என்று இப்படிப் புள்ளிகளை அழுத்தும் அக்குபிரஷர் வைத்தியம் செய்பவர்களே சொல்கிறார்கள்.

கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்காமல் நாளைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சீனியைப் பாருங்கள், அண்ணை. கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.